ஜெர்மனியில் குடித்தனம்: புதிதாக வருகிறவர்களுக்கு

வேலை கிடைத்துக் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வருகிறவர்களுக்கு விசா, வரி, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் சொல்லித்தர அலுவலகத்தில் யாராவது இருப்பார்கள். மாவை எங்கே புளிக்க வைப்பது, ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் ஓட்டலாமா, கீழ்வீட்டுப் பெரியவர் ஏன் முறைத்துவிட்டுப் போகிறார் என்பதை யாரும் சொல்வதில்லை. முதல் சில மாதங்களில் மண்டையைக் குடைவது பெரும்பாலும் இவைதான். அதனால் வீட்டையும் அடுப்பங்கரையையும் படிக்கட்டையும் மட்டும் இங்கே பேசுகிறேன். நான் இருப்பது ஸ்டுட்கார்ட் பக்கம். குப்பைத்தொட்டியின் நிறம் முதற்கொண்டு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்றுதான்.

பெட்டி கட்டும்போது

மிக்சியைக் கட்டாயம் எடுத்து வாருங்கள். இங்கே விற்கும் பிளெண்டரில் ஸ்மூத்தி அடிக்கலாம், தேங்காய்ச் சட்னி நைசாக வராது. மின்சாரம் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் நம் ஊர் மிக்சி அப்படியே ஓடும். பிளக்தான் பொருந்தாது. பயணத்துக்கென்று விற்கும் லேசான அடாப்டரை நம்பி மிக்சியை ஓட்டாதீர்கள், சூடாகிவிடும். எர்த் உள்ள கனமான அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். குழிந்த அடி உள்ள வாணலி வேண்டாம். இங்கே அடுப்பு பெரும்பாலும் கண்ணாடித் தளம் போட்ட மின் அடுப்பு; தட்டையான அடி இருந்தால்தான் சூடு ஏறும். இண்டக்‌ஷன் அடுப்பாகவும் இருக்கலாம் என்பதால், அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரமாகத் தேர்ந்தெடுத்தால் எந்த வீட்டுக்கும் சரிப்படும்.

சாப்பாட்டுச் சாமான்களில் ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. அம்மா காய்ச்சிக் கொடுத்த நெய், பால்கோவா இரண்டும் இதில் அடக்கம். காய், பழம், இலை எதுவானாலும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், எனவே கறிவேப்பிலைக் கட்டும் முருங்கைக்காயும் ஊரிலேயே இருக்கட்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, பருப்புப் பொடி, வத்தல், வடகம் இவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள். அரிசி, பருப்பு, புளி எல்லாம் இங்கேயே கிடைக்கும். அதற்கு எடையை வீணாக்க வேண்டாம்.

வீடு, பதிவு, தபால்பெட்டி

வாடகை விளம்பரத்தில் இரண்டு தொகை இருக்கும். 'கால்ட்மீட்ட' என்பது வெறும் வாடகை. 'வார்ம்மீட்ட' என்பது வெந்நீர், வெப்பம், குப்பை போன்ற செலவுகள் சேர்ந்தது. வீட்டு மின்சாரம் பெரும்பாலும் அதிலும் வராது, தனியாகக் கட்ட வேண்டும். முன்பணம் மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. வீடு பார்க்கப் போனால் முதலில் சமையலறைக்குள் எட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி எதுவுமே இருக்காது, சுவரில் குழாய் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். விளம்பரத்தில் 'ஐன்பவ்குஷ' என்று இருந்தால் சமையலறை உண்டு என்று பொருள்.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்குப் பெயர் 'ஆன்மெல்டுங்'. பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், அவற்றின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு, இவற்றோடு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு பக்கப் படிவமும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது, அந்தப் படிவம்தான் கேட்பார்கள். சாவி வாங்கும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். பெரிய நகரங்களில் அலுவலகத்தில் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு, வீடு உறுதியானதுமே இணையத்தில் தேட ஆரம்பியுங்கள்.

பதிந்த பிறகு வரி எண்ணில் தொடங்கி எல்லாமே தபாலில்தான் வரும். இங்கேதான் நம் பெயர்கள் வம்பு செய்யும். கணவருக்கு அவர் அப்பா பெயர் குடும்பப்பெயர், மனைவிக்கு அவருடைய அப்பா பெயர், குழந்தைக்குத் தன் அப்பா பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று பெயர் இருக்கும். தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை, இங்கே பெரும்பாலான கட்டடங்களில் கதவு எண்ணே கிடையாது. தபால்பெட்டியில் எழுதியிருக்கும் குடும்பப்பெயரைத்தான் பார்ப்பார். மனைவியின் பெயர் பெட்டியில் இல்லையென்றால் அவருக்கு வரும் காப்பீட்டு அட்டை வந்த வழியே திரும்பிப் போகும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி மூன்று பெயரையும் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள்.

சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். வீட்டில் டிவி இல்லையே என்று குப்பையில் போடாதீர்கள். வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மாதம் 18.36 யூரோ, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அடுப்பும் புகையும்

மின் அடுப்பு கேஸ் மாதிரி நிறுத்தியதும் அடங்காது. தாளிக்கும்போது கடுகு வெடிக்க ஆரம்பித்ததும் வாணலியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தால் உளுத்தம்பருப்பு கருகிவிடும். அதே சூட்டை லாபமாகவும் ஆக்கிக்கொள்ளலாம்: சாதம் முக்கால் பதம் வெந்ததும் அணைத்து மூடிவிடுங்கள், மீதியை அடுப்புத் தட்டின் சூடே பார்த்துக்கொள்ளும்.

படுக்கையறையிலும் நடைவழியிலும் கூரையில் வெள்ளையாக ஒரு வட்டப் பெட்டி இருக்கும். அது புகை எச்சரிப்பான், சட்டப்படி இருந்தாக வேண்டும். மிளகாய் தாளித்தால் கத்திவிடும். பேட்டரியைக் கழற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளித்தால் போதும். கோட்டு, ஜாக்கெட் எல்லாம் நடைவழியில்தான் மாட்டியிருக்கும். வெங்காய வாசனையைப் பிடித்துக்கொண்டு அவை உங்களோடு அலுவலகம் வரை வரும். சமைக்கும்போது அவற்றைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். நம் சமையல் வாசனைக்காக யாரும் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் கம்பளிக் கோட்டை வாராவாரம் துவைக்க முடியாது, அதுதான் விஷயம்.

வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு சொல் 'லுஃப்டன்', காற்றோட்டம். சுவர்கள் காற்றுப் புகாமல் கட்டியவை. சோறு வடிக்கும் ஆவி, உள்ளே காயப்போட்ட துணியின் ஈரம், குளியல் நீராவி எல்லாம் குளிர்காலத்தில் மூலைகளில் படிந்து கறுப்புப் பூஞ்சையாகிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னல்களை முழுதாகத் திறந்து 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். ஜன்னலை லேசாகச் சாய்த்துத் திறந்து நாள் முழுக்க வைப்பது உதவாது, சுவர் குளிர்ந்து நிலைமை மோசமாகும். வீட்டைக் காலி செய்யும்போது பூஞ்சை இருந்தால் முன்பணத்தில் தகராறு நிச்சயம். வெளியே பனி கொட்டும்போது ஜன்னலைத் திறக்கச் சொன்னால் ஊரிலிருந்து வந்த மாமியார் உங்களை விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

சூப்பர்மார்க்கெட்டில் நம் சமையல்

தமிழ்க்கடைக்கு மாதம் ஒருமுறை போனால் போதும். வாரச் சமையலை ஆல்டி, லிடில், ரேவே போன்ற கடைகளிலேயே ஓட்டிவிடலாம். இது தெரியாமல் புதிதாக வருகிறவர்கள் முதல் மாதம் முழுக்க ரொட்டியும் ஜாமும் தின்று அவதிப்படுகிறார்கள்.

ரவை 'கிரீஸ்' என்ற பெயரில் எல்லாக் கடையிலும் உண்டு. இரண்டு வகை இருக்கும். 'வைஷ்வைட்சன்கிரீஸ்' வெள்ளையாக இருக்கும். கேசரிக்கு நல்லது, உப்புமா செய்தால் கூழாகிவிடும். 'ஹார்ட்வைட்சன்கிரீஸ்' லேசான மஞ்சள். வறுத்துச் செய்தால் உப்புமா உதிரியாக வரும். 'மில்ஷ்ரைஸ்' என்பது பால்கஞ்சிக்கு விற்கும் குண்டு அரிசி. குழைய வெந்து தயிர்சாதத்துக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் அருமையாக அமையும். தயிருக்கு 3.5 சதவீதம் கொழுப்புள்ள சாதா யோகுர்ட் வாங்குங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'க்வார்க்' தயிர் மாதிரித் தெரியும், அது ஒரு வகைப் பாலாடைக்கட்டி. நெய்க்கு வெண்ணெய் வாங்கி உருக்கினால் வீடு மணக்கும். சோம்பலாக இருந்தால் 'பூட்டர்ஷ்மால்ட்ஸ்' டப்பா இருக்கிறது, வாசனை மட்டும் கொஞ்சம் குறைவு.

சாம்பாருக்குத் துவரம்பருப்பு தீர்ந்துபோனால் 'ரோட்ட லின்சன்', அதாவது மைசூர்ப் பருப்பு. குக்கர் வேண்டாம். ஒரு கப் பருப்பைக் கழுவி, மூன்று கப் தண்ணீர், மஞ்சள்தூள், ஒரு பல் பூண்டு போட்டு மூடாமல் வேகவிட்டால் கால் மணி நேரத்தில் சிவப்பு மாறி மஞ்சளாகக் குழைந்துவிடும். இன்னொரு அடுப்பில் புளித்தண்ணீரில் காயை வேகவைத்துப் பொடி போட்டுச் சேர்த்தால் முடிந்தது. அலுவலகத்திலிருந்து வந்து செய்ய இதைவிட எளிய குழம்பு கிடையாது.

காய் விஷயத்தில் ஜெர்மனி நினைத்த அளவு மோசமில்லை. நூல்கோல் இங்கே 'கோல்ராபி', எந்த ஊர்க் கடையிலும் இருக்கும். இலையைத் திருகிப் போட்டுவிட்டு வெறும் காயாக வாங்கும் ஜெர்மானியர்களும் உண்டு. அந்த இலையைப் பொரியல் செய்யலாம், விடாதீர்கள். சின்ன வெங்காயத்துக்குப் பதில் ஷலோட்டன். கூம்பு வடிவ முட்டைக்கோஸ் சாதா கோஸைவிடச் சீக்கிரம் வேகும், பொரியலுக்கு அதுதான் பொருத்தம். இலையுதிர் காலத்தில் ஹொக்கைடோ என்ற ஆரஞ்சுப் பூசணி குவியும். தோல் சீவ வேண்டாம், புளிக்குழம்பில் பரங்கிக்காய் மாதிரி இனிக்கும். கூட்டுக்கு உறைந்த பசலைக்கீரைப் பொட்டலம். உருளைக்கிழங்குப் பையில் 'ஃபெஸ்ட்கோஹன்ட்' என்றிருந்தால் குழையாத வகை, வறுவலுக்கு; 'மேலிஷ்கோஹன்ட்' என்றிருந்தால் மாவாகும் வகை, போண்டாவுக்கும் பூரி மசாலாவுக்கும். மாற்றி வாங்கினால் மசாலா கட்டியாக நிற்கும்.

வெண்டைக்காய், கொத்தமல்லி, புதினா, பச்சைமிளகாய் இவற்றுக்குத் துருக்கியர் கடைக்குப் போங்கள். கொத்தமல்லி சூப்பர்மார்க்கெட்டில் தொட்டியில் நாலு தண்டு விற்கும், துருக்கியர் கடையில் கட்டுக்கட்டாக இருக்கும்.

பிறகு தமிழ்க்கடை. 1980-களிலிருந்து இங்கே வந்து குடியேறிய இலங்கைத் தமிழர்கள் நடத்தும் கடை ஓரளவு பெரிய ஊர்களில் ஒன்றாவது இருக்கும். இட்லி அரிசி, முழு உளுந்து, உறைந்த தேங்காய்த்துருவல், வறுத்த அரிசிமா, முருங்கைக்காய் எல்லாம் அங்கேதான். புதுச்சரக்கு வாரத்தில் ஒரு நாள் வரும், அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "கறிவேப்பிலை இருக்காண்ணா?" என்று திங்களன்று கேட்டால், "முடிஞ்சுது தங்கச்சி, வியாழன் பின்னேரம் வாங்கோ" என்பார். வியாழன் போனால் நிறைய வாங்கி, கழுவி, ஈரம் போக உலர்த்தி, டப்பாவில் போட்டு உறையவைத்துவிடுங்கள். நேரே எண்ணெயில் போடலாம்.

மாவு பொங்க வேண்டுமே

இட்லி மாவுதான் குளிர்நாட்டுக் குடித்தனத்தின் பெரிய கவலை. நாலுக்கு ஒன்று அரிசி உளுந்து, ஊறவைப்பது, அரைப்பது எல்லாம் ஊர் மாதிரியேதான். அரைத்த மாவை உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலக்குங்கள். பாதி அளவுக்கு மேல் நிரப்பாத பாத்திரத்தில் ஊற்றி, அடியில் ஒரு தட்டு வைத்து பேக்கிங் அவனுக்குள் வையுங்கள். சூடு போட வேண்டாம், திருகியை விளக்குப் படத்தில் நிறுத்தினால் போதும். அந்தப் பல்பின் சூடே உள்ளே இதமாக இருக்கும். கோடையில் ஓர் இரவு போதும், ஜனவரியில் 14, 16 மணி நேரம்கூட ஆகும். புது அவன்களில் எல்.இ.டி. விளக்கு, சூடே வராது. அப்படியென்றால் அவனை 50 டிகிரியில் சில நிமிடம் ஓட்டி அணைத்துவிட்டு, உள்ளே கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும்போது மாவை வையுங்கள். நடுவில் ஒருமுறை மாவை வெளியே எடுத்து மறுபடி அவனைச் சூடாக்கிக்கொள்ளலாம். ஒன்று மறக்க வேண்டாம்: 'உள்ளே மாவு' என்று சீட்டு எழுதித் திருகியில் ஒட்டுங்கள். வீட்டில் யாராவது பீட்சா சுட 220 டிகிரியில் அவனைத் தட்டிவிடுவார்கள்.

சத்தம், குப்பை, படிக்கட்டு

ஒவ்வொரு கட்டடத்துக்கும் 'ஹவுஸ்ஓர்ட்னுங்' என்று ஒரு விதித்தாள் உண்டு. வாடகை ஒப்பந்தத்தோடு இணைத்திருப்பார்கள் அல்லது படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். முதல் வாரமே போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் படியுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். சில கட்டடங்களில் மதியம் 1 முதல் 3 வரையும் உண்டு. ஞாயிறும் விடுமுறை நாட்களும் முழுநாள் அமைதி: சுவரில் துளை போடக் கூடாது, வாக்குவம் கிளீனர் ஓட்டினால்கூட முகம் சுளிப்பார்கள். மிக்சியில் ஒரு நிமிடம் சட்னி அரைத்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அரை மணி நேரம் கிரைண்டர் ஓடுவது வேறு. அதைச் சனிக்கிழமை காலை வைத்துக்கொண்டு, அடியில் கனமான ரப்பர் பாய் விரித்துவிடுங்கள். குழந்தைகள் ஓடியாடுவதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள், சட்டமும் குழந்தைகள் பக்கம்தான். என்றாலும் கூடத்தில் ஒரு கம்பளம் போட்டால் கீழ்வீட்டுக்காரர் உங்களை வாழ்த்துவார்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்க்கும் சில பேக்கரிகளும்தான் விதிவிலக்கு. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போனால் ஊரே கடையில் வரிசையில் நிற்கும். வெள்ளி இரவே வாங்கிவிடுங்கள்.

குப்பையில் காகிதம், மக்கும் குப்பை, மஞ்சள் பை அல்லது மஞ்சள் தொட்டியில் பேக்கிங் பிளாஸ்டிக், மிச்சமெல்லாம் 'ரெஸ்ட்முல்' எனப் பிரிவு உண்டு. தவறிப் போட்டால் லாரிக்காரர் தொட்டியை எடுக்காமலே போய்விடுவார், அப்புறம் கட்டடம் முழுக்க உங்களைத்தான் தேடும். ஊறுகாய் பாட்டில் போன்ற கண்ணாடி தெருமுனைப் பெட்டிக்குப் போக வேண்டும், நிறவாரியாக. நீலக் கண்ணாடி பச்சையோடு. அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, உடையும் சத்தம் ஆகாது. குளிர்பான பாட்டிலையும் கேனையும் எறியாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் 25 சென்ட் முன்பணமாகக் கொடுத்துத்தான் வாங்கியிருப்பீர்கள், கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

ஸ்டுட்கார்ட் வட்டாரத்துக்கே உரிய ஒன்று 'கேர்வோஹ'. உங்கள் வீட்டுக் கதவில் ஒரு நாள் சின்னப் பலகை தொங்கும். அந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைப்பது உங்கள் முறை. கைப்பிடியையும் துடைக்க வேண்டும், கவனித்துக்கொண்டிருப்பார்கள். வெளிநடையும் சேர்ந்த முறை என்றால் பனிக்காலத்தில் வாசல் பனியைத் தள்ளுவதும் அதில் வரும், அதுவும் காலை 7 மணி வாக்கில். அழுக்கே இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். படிக்கட்டு பளிச்சென்று இருந்தாலும் நீங்கள் துடைப்பத்தோடு நின்றதை நாலு பேர் பார்க்க வேண்டும், அதில்தான் பாதி மரியாதை. ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லி முறையை மாற்றிக்கொள்ளுங்கள்.

அக்கம்பக்கம்

குடிவந்த முதல் வாரம் நீங்களே போய் மணியடித்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள். இங்கே புதிதாக வந்தவர்தான் போக வேண்டும், அவர்கள் வருவார்கள் என்று காத்திருந்தால் வருடமே ஓடிவிடும். வார நாளில் மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் நல்ல நேரம். "குட்டன் டாக், விர் சிண்ட் டீ நொயன் நாஹ்பார்ன்" என்று ஒரு வரி போதும், நாங்கள் புதுக் குடித்தனம் என்று சொல்லிவிட்டீர்கள். பெயரைச் சொல்லுங்கள், குழந்தையைக் காட்டுங்கள், இரண்டு நிமிடத்தில் விடைபெறுங்கள். உள்ளே கூப்பிடவில்லையே என்று வருந்தாதீர்கள், அப்படித்தான். படிக்கட்டில் யாரைப் பார்த்தாலும் முகமன் சொல்வது மிக முக்கியம். தலையைக் குனிந்துகொண்டு போவதை அவர்கள் திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

பார்சல்தான் இங்கே உறவை வளர்க்கிறது. நீங்கள் இல்லாதபோது கூரியர்காரர் உங்கள் பொட்டலத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, பெட்டியில் சீட்டு போட்டுவிட்டுப் போவார். அன்று மாலையே போய் வாங்குங்கள். அவர்கள் பொட்டலத்தை நீங்களும் மறுக்காமல் வாங்கி வையுங்கள்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பலகாரம் கொடுக்க ஆசையிருந்தால் கேசரியில் தொடங்குங்கள். ரவையைப் பாலில் காய்ச்சிக் குடித்து வளர்ந்தவர்கள் என்பதால் பழகிய ருசியாக இருக்கும். முறுக்கும் நன்றாகப் போகும். முந்திரி போட்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் இங்கே அதிகம் விசாரிப்பார்கள். காரத்தை நம் கணக்கில் பாதியல்ல, கால்வாசியாக்குங்கள். கொடுத்த டப்பா மறுநாள் கழுவித் துடைத்து வெறுமையாகத் திரும்பி வரும். நம் ஊர் வழக்கத்தில் அது உறுத்தும், இங்கே அதுதான் ஒழுங்கு. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் சுட்ட பிஸ்கட் பொட்டலம் ஒன்று உங்கள் கதவுப் பிடியில் தொங்கும், அப்போது கணக்கு சரியாகிவிடும்.

ஞாயிறு மூன்று மணிக்குக் காபி, கேக் சாப்பிட அழைத்தால் மூன்று மணிக்கே போங்கள். கால் மணி முன்னால் போவதும் தவறு. பூங்கொத்தோ சாக்லேட்டோ கையில் இருக்கட்டும். பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள், அபசகுனம் என்பார்கள்.

அப்பா அம்மா வந்தால்

அவர்களுடைய ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவப் பயணக் காப்பீடு வேண்டும். வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று எண்களை எழுதி ஒட்டுங்கள்: ஆம்புலன்ஸும் தீயணைப்பும் 112, போலீஸ் 110, உயிருக்கு ஆபத்தில்லாத நேரங்கெட்ட நேரத்துக் காய்ச்சலுக்கு மருத்துவரைக் கேட்க 116117. நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது அவர்களுக்குப் பேச்சுத்துணை இல்லாமல் போகும். கோடையில் வருவதாக இருந்தால் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவில் தேர்த்திருவிழாவைப் பார்த்துத் தேதி போடுங்கள். 2002-இல் கும்பாபிஷேகம் நடந்த பெரிய கோவில் அது. இலங்கைத் தமிழர்களின் முயற்சியில் எழுந்தது. திருவிழாவன்று வந்த வழியெல்லாம் தமிழ்தான் கேட்கும்.

அவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது கதவைப் பற்றி. இங்கே வாசல்கதவுக்கு வெளிப்பக்கம் திருகும் பிடி இருக்காது. சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். குப்பை கொட்டப் போகும் இரண்டு நிமிடத்தில் காற்றடித்துக் கதவு சாத்திவிட்டால், வீட்டுச் செருப்போடு படிக்கட்டில் நிற்க வேண்டியதுதான். ஞாயிறு இரவு பூட்டுத் திறக்க ஆள் கூப்பிட்டால் சில நூறு யூரோ போய்விடும். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுங்கள், இன்னொரு சாவியைப் பார்சல் வாங்கி வைக்கும் அந்த வீட்டில் கொடுத்து வையுங்கள்.